கோடு போட்ட பட்டைகளைத் திருப்பிக் கொடுங்கள்

பெறுநர்: எங்கள் அலுவலகக் கணினிகளில் ஓடும் விரிதாள் மென்பொருளைத் தயாரிக்கும் நிறுவனத்தின் சார்ட் வடிவமைப்புக் குழுவினர்

அனுப்புநர்: சென்னையில் மாதாந்திர அறிக்கை தயாரிக்கும் கணக்கு, தரக்கட்டுப்பாடு, திட்டப் பிரிவு ஊழியர்கள் சிலர்

பொருள்: புதிய பதிப்பில் சார்ட்டுக்கான பேட்டர்ன் நிரப்பு காணாமல் போனது குறித்து

வணக்கம்.

உங்கள் அண்மை அப்டேட்டுக்குப் பிறகு பார் சார்ட்டில் ஒரு பட்டையைச் சொடுக்கி நிரப்புப் பகுதியைத் திறந்தால் நான்கே வழிகள் இருக்கின்றன: நிரப்பு வேண்டாம், ஒற்றை வண்ணம், வண்ணச் சரிவு, படம். ஐந்தாவதாக இருந்த பேட்டர்ன் இல்லை. சாய்கோடு, படுக்கைக்கோடு, கட்டம், புள்ளி என்று பட்டைக்குள் கோடு போட்டுத் தந்த வசதி அது. வெளியீட்டுக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. தோற்றத்தை எளிமையாக்கியிருப்பதாகப் பொதுவாக ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான்.

கேட்டு எழுதியவர்களுக்கு உங்கள் உதவிப் பிரிவு சொல்லும் பதில், வேறு வண்ணத் தட்டை மாற்றிப் பாருங்கள் என்பது. எங்கள் சிக்கல் வண்ணம் பிடிக்கவில்லை என்பதல்ல. வண்ணமே போய்ச் சேராத இடத்துக்கு எங்கள் சார்ட் போகிறது.

எங்கே போகிறது என்று சொல்கிறோம். திரையில் வண்ணமாக இருக்கும் அறிக்கை, அலுவலகத்தின் கறுப்பு-வெள்ளை லேசர் பிரின்டரில் ஒரு பிரதி எடுக்கப்படுகிறது. அதை வைத்து ஜெராக்ஸில் பத்து பிரதி. அந்தப் பத்தில் ஒன்றை எடுத்து இன்னொருவர் ஐந்து போடுவார். அதிலிருந்து ஒன்றை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார் வேறொருவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷாப் ஃப்ளோர் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும், தரம் தேறாத பொருட்களின் கணக்கைக் காட்டும் ரிஜெக்‌ஷன் சார்ட்டும், பாரிமுனையில் தம்புச்செட்டித் தெருவில் வழக்குக் கட்டோடு சேர்த்துத் தைக்கப்படும் கணக்கு அட்டவணையும் இப்படி இரண்டாம், மூன்றாம் பிரதியாகத்தான் படிக்கப்படுகின்றன. கலர் பிரின்டர் வாங்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். எங்கள் மேசையில் வாங்கலாம். படிக்கப்போகிறவர்கள் எல்லோருடைய மேசையிலும் யார் வாங்கித் தருவது?

கறுப்பு-வெள்ளையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு சார்ட்டை வைத்தே பார்த்துவிடலாம். சென்னைவாசிகளுக்கு மழைக்காலத்தில் மனப்பாடமாகும் எண்கள் சில உண்டு. ஏரிகளின் முழுக் கொள்ளளவு, மில்லியன் கன அடியில்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. தேர்வாய்க் கண்டிகை ஏரியின் 500-ஐ இப்போதைக்கு விட்டுவிடுவோம். இந்த நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒற்றைப் பட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்ணங்களுக்கு எக்செல் 2007, 2010 பதிப்புகளின் இயல்பு வரிசையையே எடுத்துக்கொள்கிறோம். அந்த வண்ணங்களோடு பிறந்த கோப்புகள் எங்கள் ஊரில் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன, உங்கள் மென்பொருளிலும் திறக்கப்படுகின்றன. முதல் நீலத்தின் சிவப்பு-பச்சை-நீல எண்கள் 79, 129, 189. அடுத்த சிவப்பு 192, 80, 77. பச்சை 155, 187, 89. ஊதா 128, 100, 162.

வண்ணத்தைச் சாம்பலாக்கப் பரவலாகப் பயன்படும் கணக்கு ஒன்று இருக்கிறது. சிவப்பு எண்ணை 0.299-ஆலும் பச்சையை 0.587-ஆலும் நீலத்தை 0.114-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். 0 வந்தால் கறுப்பு, 255 வந்தால் வெள்ளை. போட்டுப் பாருங்கள்: நீலம் 121, சிவப்பு 113, பச்சை 166, ஊதா 115. திரையில் எட்டடி தள்ளி நின்றாலும் வேறு வேறாகத் தெரியும் நீலமும் சிவப்பும் ஊதாவும் தாளில் ஒரே விபூதியைப் பூசிக்கொண்டு வருகின்றன.

இனி அந்தப் பட்டையைக் கீழிருந்து படியுங்கள். பூண்டியும் சோழவரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று 121, மற்றது 113. இரண்டுக்கும் இடையிலான எல்லை கரைந்து, 4,312 மில்லியன் கன அடியில் ஒரே துண்டாகிவிடுகிறது. செம்பரம்பாக்கத்தைவிடப் பெரிதாக, சென்னைக்கு இல்லாத ஓர் ஏரி! எந்த வண்ணம் எந்த ஏரி என்று சொல்லும் குறிவிளக்கப் பெட்டியைப் பார்த்துத் தெளியலாம் என்றால் அங்கேயும் நான்கு சதுரங்களில் மூன்று ஒன்றுபோல இருக்கின்றன. எக்செல் 2013-இல் வந்த வண்ண வரிசையும் மேல் என்று சொல்ல முடியாது. அதில் இரண்டாவது வரும் ஆரஞ்சு 150, மூன்றாவது வரும் சாம்பல் 165. இந்தப் பதினைந்து எண் வித்தியாசம் முதல் பிரதியில் கண்ணை இடுக்கினால் தெரியும். மூன்றாம் பிரதியில் தேடினாலும் கிடைக்காது.

பேட்டர்ன் ஏன் தப்பிக்கிறது என்பதற்குக் காரணம் எளியது. கறுப்பு-வெள்ளை லேசர் பிரின்டரில் சாம்பல் நிற டோனர் என்று ஒன்று இல்லை. டோனர் ஒட்டும், அல்லது ஒட்டாது. சாம்பலாகத் தெரிவது நுண்ணிய கறுப்புப் புள்ளிகளின் கூட்டம். ஜெராக்ஸ் இயந்திரம் அந்தப் புள்ளிக் கூட்டத்தை மறுபடி படித்து, தன் கணக்கில் மறுபடி புள்ளியாக்குகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் வெளிர்சாம்பல் வெளுத்துக்கொண்டே போகும், அடர்சாம்பல் கறுத்துக்கொண்டே போகும். ரீஃபில் டோனர் போட்ட இயந்திரம் என்றால் பட்டையின் மேல்பாதி ஒரு சாம்பல், கீழ்பாதி ஒரு சாம்பல். சாய்கோடு போட்ட பட்டையில் இந்தச் சிக்கலே எழாது. அது முதலிலிருந்தே கறுப்புக் கோடும் வெள்ளை இடைவெளியும்தான். கோடு கொஞ்சம் தடிக்கலாம், மங்கலாம். அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது மாறாது.

இதே தவறு முன்பும் ஒரு முறை வேறொரு மென்பொருளில் நடந்திருக்கிறது என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். எக்செல் 2007-இல் சார்ட் பகுதியைப் புதிதாக எழுதியபோது பேட்டர்ன் நிரப்புக்கான பொத்தான் திரையிலிருந்து எடுக்கப்பட்டது. பழைய கோப்பில் இருந்த கோடுகள் அப்படியே தெரிந்தன, புதிதாகப் போடத்தான் வழியில்லை. எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் விபிஏ என்ற நிரல்மொழியில் எழுதினால் போட முடிந்தது. நிரல் தெரியாதவர்கள், நாம் செய்வதை நிரலாக எழுதிக்கொள்ளும் மேக்ரோ ரெக்கார்டரில் பதிந்து கற்றுக்கொள்ளலாம் என்றால், அதே பதிப்பில் ரெக்கார்டர் சார்ட் வடிவமைப்பைப் பதிவதையும் நிறுத்தியிருந்தது. பூட்டைப் போட்டுச் சாவியைக் கிணற்றில் எறிந்த கதை. எக்செல் 2010-இல் இரண்டும் திரும்பி வந்தன, பட்டையை இருமுறை சொடுக்கினால் வடிவமைப்புப் பெட்டி திறக்கும் பழைய வழக்கமும் கூடவே வந்தது. எல்லாம் திரும்பிவிடவில்லை. எக்செல் 2003-இல் கோட்டுச் சார்ட்டின் ஒரு புள்ளியைப் பிடித்து மேலே இழுத்தால் அட்டவணையில் அந்தக் கலத்தின் எண்ணும் மாறும். கலத்தில் சூத்திரம் இருந்தால் வேண்டிய விடைக்கு ஏற்ற உள்ளீட்டைத் தேடித் தரும் கோல் சீக் பெட்டி திறந்து எந்த உள்ளீட்டை மாற்றட்டும் என்று கேட்கும். அது 2007-இல் போனது போனதுதான். எங்கள் பேட்டர்னும் அந்த வரிசையில் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல்.

வசதியை நீங்கள் உண்மையில் நீக்கவும் இல்லை. பேட்டர்ன் போட்ட பழைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு ஒன்றைப் பிரதி எடுத்து, அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே எக்ஸ்எல் என்ற ஃபோல்டர், அதற்குள் சார்ட்ஸ். அங்கே இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பை நோட்பேடில் திறந்தால் பேட்ஃபில் என்ற குறிச்சொல் இருக்கும். எந்தக் கோடு, முன்வண்ணம் என்ன, பின்வண்ணம் என்ன என்ற மூன்றும் அதற்குள் எழுதியிருக்கும். 2006-இல் எக்மா 376 என்றும் 2008-இல் ஐஎஸ்ஓ 29500 என்றும் தரப்படுத்தப்பட்ட கோப்பு வடிவம் அது. உங்கள் புதிய பதிப்பு அதைப் படிக்கிறது, திரையில் வரைகிறது, சேமிக்கும்போது அப்படியே எழுதியும் வைக்கிறது. பட்டையின் வண்ணத்தை யாராவது ஒரு முறை மாற்றினால் மட்டும் கோடு அழிந்து ஒற்றை வண்ணமாகிவிடுகிறது. அந்தக் கோப்பை மூடிவிட்டால் அன்டூவும் கை கொடுக்காது. அதாவது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, கியர் லீவரை மட்டும் கழற்றியிருக்கிறீர்கள்.

மாற்று வழிகளைத் தேடாமல் புகார் எழுதவில்லை. தேடிப் பார்த்தோம். ஒவ்வொன்றும் எங்கே உடைகிறது என்பதை எழுதுகிறோம், உங்கள் சோதனைக் குழுவுக்குப் பயன்படட்டும்.

முதலாவது, படத்தால் நிரப்புவது. எட்டுக்கு எட்டு பிக்சலில் ஒரு பிஎன்ஜி படம் வரைந்து, பட்டையின் நிரப்பாக அதைக் கொடுத்து, ஓடு பதிப்பது போல அடுக்கச் சொல்ல வேண்டும். அடுக்கச் சொல்ல மறந்தால் ஒரே படம் பட்டை முழுக்க இழுபடும். உயரமான பட்டையில் கோடு தடித்துச் செங்குத்தாகவும், குட்டைப் பட்டையில் நசுங்கிப் படுக்கையாகவும் நிற்கும். ஒரே வரிசையைச் சேர்ந்த இரண்டு பட்டைகள் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல முடியாது. அடுக்கினாலும் படத்தின் விளிம்பு ஒட்ட வேண்டும். இரண்டு பிக்சல் தடிமனில் சாய்கோடு வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு எட்டுப் புள்ளி, அதை ஒட்டி மேல்புறமாக ஏழு புள்ளி. இதோடு நிறுத்தினால் ஓடுகள் சேரும் ஒவ்வொரு மூலையிலும் கோட்டில் ஒரு வெட்டு விழும். வலது கீழ் மூலையில் தனியாக ஒரு கறுப்புப் புள்ளி வைத்தால்தான் சரியாகும். பார்ப்பதற்குத் தவறாக வைத்த புள்ளி போலத்தான் இருக்கும், அடுத்த ஓட்டோடு சேரும்போதுதான் அது எதற்கு என்று புரியும். அடுத்து, படக் கோப்பில் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று பதிந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 96 என்றால் ஓர் ஓடு தாளில் ஏறக்குறைய 2.1 மில்லிமீட்டர், கோடு தெளிவாக விழும். 300 என்று பதிந்திருந்தால் அதே ஓடு 0.7 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடலாம். அப்புறம் அது கோடு அல்ல, பழைய சாம்பல்தான். இத்தனையும் செய்த பிறகு வண்ணத்தை மாற்ற வேண்டுமென்றால் புதிதாக ஒரு படம் வரைய வேண்டும்.

இரண்டாவது, பழைய கோப்பை விதைநெல் போல வைத்துக்கொள்வது. இருப்பதில் இதுதான் தேறும். பேட்டர்ன் போட்ட சார்ட் உள்ள ஒரு கோப்பைப் பாதுகாப்பாக வைத்துக்கொண்டு, அந்தச் சார்ட்டை முழுதாகத் தேர்ந்து காப்பி செய்ய வேண்டும். புதிய சார்ட்டைத் தேர்ந்து பேஸ்ட் ஸ்பெஷலில் ஃபார்மேட் மட்டும் என்று கொடுத்தால் கோடுகள் வந்து உட்காரும். ஆனால் விதையில் நான்கு வரிசை இருந்தால் நான்குக்குத்தான் வரும், ஐந்தாவது வரிசை மொட்டையாக நிற்கும். விதைச் சார்ட்டின் எழுத்தளவு, அச்சு வடிவமைப்பு போன்றவையும் அழையா விருந்தாளிகளாகக் கூடவே வரும். புதிதாகச் சேர்ந்த ஊழியரிடம் விதைக் கோப்பு இருக்காது. அவர் யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டும்.

மேக்ரோவில் இரண்டு வரி எழுதினால் இன்றும் பேட்டர்ன் விழுகிறது. ஆனால் மின்னஞ்சலிலோ இணையத்திலோ வந்த கோப்புகளின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2022-இல் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. எங்கள் கணினிப் பிரிவினரும் எந்த மென்பொருளானாலும் மேக்ரோவைப் பூட்டியே வைக்கிறார்கள். அது சரியான முடிவுதான், கோடு போடுவதற்காக அந்தக் கதவைத் திறந்து வைக்கச் சொல்ல மாட்டோம்.

எக்ஸ்எம்எல்லைக் கையால் திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஒற்றை வண்ணத்துக்கான குறிச்சொல்லை எடுத்துவிட்டு பேட்ஃபில் குறிச்சொல்லை எழுதி, மீண்டும் ஜிப் செய்து, பின்னொட்டைத் திருப்பி மாற்ற வேண்டும். பலர் இடறுவது ஜிப் செய்யும் இடத்தில். வெளி ஃபோல்டரைச் சுருக்கினால் கோப்பு சிதைந்திருப்பதாகப் பிழை வரும். உள்ளே போய் எல்லாவற்றையும் தேர்ந்து சுருக்க வேண்டும். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து செய்யும் வேலையா இது?

இலவச விரிதாள் மென்பொருளான லிப்ரெஆஃபீஸ் கால்க்கில் பட்டைக்குக் கோடு போடும் வசதி இருக்கிறது. கோட்டின் இடைவெளியையும் கோணத்தையும் எண்ணாகவே கொடுக்கலாம், அந்த வகையில் உங்களுடைய பழைய பேட்டர்னைவிட அது மேல். அங்கே அதன் சொந்தக் கோப்பு வடிவமான ஓடிஎஸ்-ஆகச் சேமித்தால் சிக்கலில்லை. எக்ஸ்எல்எஸ்எக்ஸ்-ஆகச் சேமித்து உங்களிடம் கொண்டு வரும்போது இடைவெளியும் கோணமும் அப்படியே வரும் என்று நம்ப முடியாது.

கோட்டுச் சார்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. வட்டம், முக்கோணம், சதுரம் என்று புள்ளிக் குறிகளையும், விட்டு விட்டுப் போகும் கோடுகளையும் நீங்கள் இன்னும் விட்டு வைத்திருக்கிறீர்கள். பார் சார்ட்டிலும் இரண்டு வரிசைதான் என்றால் ஒன்றைக் கறுப்பாகவும் மற்றதைக் கறுப்புக் கரை வைத்த வெள்ளையாகவும் போட்டு ஒப்பேற்றலாம். நடுவில் ஒரு சாம்பல் சேர்த்தால் மூன்று. நான்காவதுக்கு இடமில்லை. மதிப்பைப் பட்டைக்குள்ளேயே எழுதலாம் என்றால், அடுக்குப் பட்டையில் சோழவரம் போல மெலிந்த துண்டுக்குள் எழுத்து அடங்காது.

பழைய பேட்டர்ன் குறையே இல்லாதது என்று நாங்கள் சொல்லவில்லை. எக்செல்லில் இன்றும் இருக்கும் பட்டியலில் 48 பேட்டர்ன்கள் உண்டு. அதில் ஜெராக்ஸைத் தாண்டுவது அரை டஜன்தான்: இரு திசையிலும் அகலச் சாய்கோடு, அடர் படுக்கைக்கோடு, பெரிய கட்டம், பெரிய சதுரங்கக் கட்டம் போன்றவை. விழுக்காட்டுப் பெயரில் இருக்கும் புள்ளி வகைகள் எல்லாம் மாறுவேடத்தில் வந்த சாம்பல். கோட்டின் அளவைப் பெருக்கவோ குறைக்கவோ அங்கே வழியில்லை. குறிவிளக்கச் சதுரம் மிகச் சிறிது என்பதால் அகலச் சாய்கோட்டில் ஒரே ஒரு கீற்றுதான் அதற்குள் தெரியும். குறிவிளக்கத்தின் எழுத்தளவை 12-க்கு மேல் ஏற்றினால் சதுரமும் கூடவே பெரிதாகும் என்பது பலருக்குத் தெரியாத ஒட்டுவேலை. இந்தக் குறைகளைச் சொல்லி நீங்கள் அதைத் திருத்தியிருந்தால் கைதட்டியிருப்போம்.

அச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். திரையிலேயே சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஒரு செய்தியைச் சொல்ல வண்ணம் மட்டுமே வழியாக இருக்கக் கூடாது என்பது வலைப்பக்கங்கள் எல்லோருக்கும் பயன்படும்படி அமைய 2008-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 வழிகாட்டியின் 1.4.1-ஆம் விதி, அதுவும் அடிப்படை நிலையான ஏ நிலையிலேயே. அந்த விதி இணைய உள்ளடக்கத்துக்காக எழுதப்பட்டது. இருந்தாலும் பேட்டர்ன் இல்லாத உங்கள் மென்பொருளில் நாங்கள் செய்யும் அடுக்குப் பட்டை நாளை ஒரு வலைப்பக்கத்தில் ஏறினால், விதியை மீறிய பழி எங்கள் தலையில்தான் விழும்.

நாங்கள் கேட்பது இவைதான். நிரப்புப் பகுதியில் பேட்டர்ன் பொத்தான் இருந்த இடத்திலேயே திரும்ப வரட்டும், 48 வேண்டாம், எட்டு போதும். அதற்கு நேரம் பிடிக்கும் என்றால், வண்ணம் மாற்றும்போது ஏற்கெனவே இருக்கும் கோட்டை அழிக்காமல் முன்வண்ணத்தை மட்டும் மாற்றும்படி அடுத்த சிறு அப்டேட்டிலேயே செய்யுங்கள். இது அவசரம், தினமும் கோப்புகள் கெட்டுக்கொண்டிருக்கின்றன. முடிந்தால் கோட்டின் அளவுக்கு ஒரு எண் பெட்டியும் வையுங்கள். இனி எதையாவது எடுப்பதாக இருந்தால் வெளியீட்டுக் குறிப்பில் அதன் பெயரைச் சொல்லி, ஒரு பதிப்புக்கு முன்பே சொல்லுங்கள். விதைக் கோப்பாவது எடுத்து வைத்துக்கொள்வோம்.

சரிசெய்ததாகச் சொல்வதற்கு முன் உங்கள் அலுவலகத்திலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். மேலே சொன்ன நான்கு ஏரிகளையும் அடுக்குப் பட்டையாகப் போட்டு, கறுப்பு-வெள்ளையில் அச்செடுத்து, அதை ஒரு ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் எடுங்கள். கடைசித் தாளைச் சார்ட்டைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, சோழவரம் எங்கே என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
சென்னையில் மாதாந்திர அறிக்கை தயாரிக்கும் ஊழியர்கள்